பள்ளக்காட்டில் கண்ட முடிச்சு

கல்முனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போயிருக்கிறீர்களா? போனவர்களுக்கு அந்தப் பாதையின் அமைப்பு மறந்திருக்காது. இடது பக்கத்தில் வீடுகள், அவற்றுக்கு அப்பால் கடல். வலது பக்கத்தில் வீடுகள், அவற்றுக்கு அப்பால் வயல். நடுவில் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கல்முனைக்குடி எங்கே முடிந்து சாய்ந்தமருது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. காரைதீவு, நிந்தவூர் கடந்து களியோடைப் பாலத்துக்கு வரும்போதுதான் கண்ணுக்குக் கொஞ்சம் வெளி கிடைக்கும். பிறகு மறுபடியும் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று மதிலோடு மதில்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்து போன பிறகு இந்த நெருக்கம் இன்னும் கூடியது. கரையோரத்தில் வீடிழந்தவர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு காணி இரண்டாகியது, இரண்டு நாலாகியது. முன்பு வளவின் மூலையில் ஒரு குழி இருக்கும். சாம்பலும் மீன் செதிலும் வாழைத்தோலும் அதற்குள் போகும். மிச்சச் சோற்றை ஆடும் கோழியும் பார்த்துக்கொள்ளும். இன்று குழி வெட்டினால் பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் போய் முடியும். மணல் நிலம், தண்ணீர் மேலேயே இருக்கிறது.

இவ்வளவு சனமும் நாள்தோறும் சமைக்கிறது, சாப்பிடுகிறது, மிச்சத்தைக் கட்டி வாசலில் வைக்கிறது. அந்த மிச்சம் எங்கே போகிறது என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? உண்மையைச் சொன்னால் நான் யோசித்ததில்லை. இந்த நாடாவுக்குள் உள்ள ஓர் ஊரில்தான் எனக்கும் வீடு. பாடசாலையில் இஸ்லாம் பாடமும் அரபு மொழியும் படிப்பிக்கிறேன். சுத்தம் பற்றிய ஹதீஸை வருடா வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று ஜும்ஆவில் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் வாசலில் கட்டி வைத்த பை, காலையில் ட்ரக்டர் பெட்டியில் விழும் வரைதான் என் கணக்கில் இருந்தது. அதற்குப் பிறகு அது யாருடைய பாதையில் கிடந்தாலும் எனக்கென்ன?

2022 ஜனவரியில் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு பத்திரிகைச் செய்தி கைமாறிக்கொண்டிருந்தது. ஒலுவிலுக்கு மேற்கே பள்ளக்காட்டில், குப்பை கொட்டும் இடத்தில் மேலும் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தனவாம். முந்திய எட்டு வருடங்களில் அங்கே குப்பை தின்று செத்தவை சுமார் 20. மிருக வைத்தியர் வெட்டிப் பார்த்தபோது வயிற்றுக்குள் கண்டது பொலித்தீனும், உணவு சுற்றிய உறைகளும், பிளாஸ்டிக்கும், செமிக்காத வேறு சாமான்களும், தண்ணீரும்தான். யானை வழமையாகத் தின்கிற இரை எதையும் காணவில்லை.

செய்தியை வாசித்த சக ஆசிரியர் தலையை ஆட்டிவிட்டுக் காலைச் சாப்பாட்டைப் பிரித்தார். இடியப்பமும் சொதியும். சுற்றியிருந்தது லஞ்ச் சீற். 2017 செப்டம்பர் 1 ஆம் திகதியிலிருந்து இந்த நாட்டில் செய்யவோ விற்கவோ பாவிக்கவோ கூடாது என்று தடை செய்யப்பட்ட அதே லஞ்ச் சீற். அவரைக் குறை சொல்ல வரவில்லை. என் கையிலும் அதே பார்சல்தான் இருந்தது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். அதிபரிடம் அனுமதி கிடைக்க இரண்டு கிழமை பிடித்தது. பெற்றோருக்குக் கடிதம் அனுப்பியதும் ஒரு தாய் பாடசாலைக்கே வந்துவிட்டார்.

"மௌலவி சேர், மற்ற ஸ்கூல்ல பிள்ளைகளை நுவரெலியாக்கும் அனுராதபுரத்துக்கும் கூட்டிப் போறாங்க. நீங்க குப்பை பார்க்கவா கூட்டிப் போறீங்க?"

நியாயமான கேள்வி. என்னிடம் அப்போது சரியான பதில் இருக்கவில்லை. "நம்மட குப்பைதானே உம்மா, ஒருக்கா பார்த்திட்டு வருவம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம் இரண்டு வான்களில் புறப்பட்டோம். பிள்ளைகள் 24 பேர், ஓர் ஆசிரியை, நான். பிரதான வீதியை விட்டு மேற்கே திரும்பினால் இரண்டு நிமிடத்தில் ஊர்ச் சத்தம் பின்னால் போய்விடும். பெரும்போக வேளாண்மை அறுவடைக்கு நின்றது. சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் விளையும் வயல்கள் இவை. அந்தப் பருவத்தில் அந்தப் பக்கம் போனால் கண் குளிர வேண்டும். அன்று குளிரவில்லை. கதிர்கள் கட்டையாக, மஞ்சளித்து நின்றன. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடுக்கப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டபோது விதைப்பு நடந்து முடிந்திருந்தது நினைவிருக்கும்.

மாணவர் ஒருவரின் வாப்பா வரம்பில் நின்றார். வானை நிறுத்திப் பேசினோம். "சேதனப் பசளை போடு, சேதனப் பசளை போடு எண்டாங்க சேர். எங்கயிருந்து கொண்டாறது? கொண்டந்து தந்ததுக்குள்ள கல்லும் கண்ணாடியும்" என்றார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கொஞ்சத் தூரம் போனதும் குப்பை மணம் வந்தது. ஒன்பது ஊர்களின் சோறும் கறியும் மரக்கறித் தோலும் அங்கே அழுகிக்கொண்டிருந்தன. சமையலறை மிச்சத்தால் அந்த வயலுக்கெல்லாம் பசளை போட்டுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நெல் கேட்கிற தழைச்சத்து அதில் இல்லை. ஆனாலும் பசளை இல்லாத வயலையும், பசளையாகக்கூடியதை நஞ்சாக்கிக் குவித்து வைத்திருக்கிற மேட்டையும் ஒரே பின்னேரத்தில் பார்க்கும்போது மனம் ஒரு மாதிரியாகிவிடுகிறது.

பள்ளக்காடு, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் பெயரைத் தாங்கிய அஷ்ரப் நகரை அண்டிய இடம். அதற்கப்பால் காடு. 2008 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இங்கே கழிவு முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை வந்து கொட்டப்பட்டதே தவிர, மீள்சுழற்சி நடக்கவில்லை. யானை வராமல் மின்சார வேலி இருந்தது. 2014 இல் அதில் இடி விழுந்தது. அதற்குப் பிறகு அது திருத்தப்படவில்லை. யானைகள் நடந்து உள்ளே வந்தன. இது பள்ளக்காட்டுக்கு மட்டும் வந்த விதி அல்ல. வனவிலங்குகள் நடமாடும் பகுதிகளில் இப்படி 54 குப்பைமேடுகள் உண்டென்றும், அவற்றைச் சுற்றி சுமார் 300 யானைகள் திரிகின்றன என்றும் 2017 இல் அரசாங்கமே சொன்னது. அதே 2017 இல், ஏப்ரல் 14 ஆம் திகதி, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 உயிர்கள் போயின. அங்கே மனிதர், இங்கே யானை.

நாங்கள் வானை விட்டு விலகவில்லை. மேட்டின் அடியில் ஒரு தொழிலாளி நின்றார். வயதில் என்னைவிட மூத்தவர். காலில் கிழிந்த பூட்ஸ், முகத்தில் ஒரு துண்டு. "ட்ரக்டர் வந்தாத்தான் அதுகளும் வரும். இன்னம் கொஞ்ச நேரம் பொறுங்க சேர்" என்றார், வீட்டு விருந்தாளியிடம் சொல்வது போல.

நாலரை மணிக்கு ட்ரக்டர் வந்தது. பெட்டியைச் சாய்த்தது. புழுதி அடங்குவதற்குள் பற்றைக்குள்ளிருந்து யானைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஏழு எண்ணினோம். ஒன்று குட்டி. நாய், காகம், கொக்கு, மாடு எல்லாம் ஏற்கனவே ஆஜர். பிள்ளைகள் முதலில் குதூகலித்தார்கள். யானையை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அவர்களுக்குப் புதிது. பிறகு சத்தம் குறைந்தது.

வாசகர்களே, அந்தக் காட்சியை நான் விபரமாகவே சொல்ல வேண்டும். ஒரு யானை நாளுக்கு 150 கிலோ வரை தின்னும் பிராணி. காட்டில் கிளையை ஒடித்து, மண்ணைத் தட்டி, தேவையில்லாததை உதறிவிட்டுத்தான் வாயில் வைக்கும். புல்லைப் பிடுங்கினால்கூட வேரிலுள்ள மண்ணைக் காலில் அடித்து உதறும். அவ்வளவு நுணுக்கம். அந்தப் பெரிய கொம்பன் எங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு பையைத் தும்பிக்கையால் எடுத்தது. உள்ளே சோறு. உதறியது. சோறு விழவில்லை. காலின் கீழே போட்டு மிதித்தது. பை நசுங்கியதே தவிர திறக்கவில்லை. இன்னொரு தடவை உதறிவிட்டுப் பையோடு வாயில் போட்டுக்கொண்டது.

"அதுக்குப் பொலித்தீன்ல ஆசையில்ல சேர்" என்றார் தொழிலாளி. "சோத்து மணம், கறி உப்பு, அதுதான் இழுக்குது. ஆனா அதுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாதே."

அரபுக் கல்லூரியில் எட்டு வருடம் கிதாபு ஓதினேன். பாடத்தை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. குப்பையைப் பற்றி நான் அதுவரை வாசித்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது. சோறு தனியாகக் கிடந்தால் யானை சோற்றைத் தின்னும், அல்லது அது மண்ணாகும். பை தனியாகக் கிடந்தால் யானை அதைத் தொடாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுகிறோமே, அந்த முடிச்சுத்தான் கொல்கிறது. அந்த முடிச்சு பள்ளக்காட்டில் போடப்பட்டதல்ல. நம்முடைய அடுப்படியில் போடப்பட்டது.

அவர் ஒரு தடியால் பக்கத்தில் கிடந்த யானை விட்டையைப் பிரித்துக் காட்டினார். புல் நாருக்குப் பதிலாக லஞ்ச் சீற்றின் கிழிசல்கள் உருண்டை உருண்டையாக இருந்தன. வெளியே வந்தது இவ்வளவு, வராதது எவ்வளவோ.

அப்போதுதான் முன் வரிசையில் நின்ற மாணவி ஒருத்தி கையை நீட்டினாள். "சேர், அந்த மஞ்சள் பேக் எங்கட பரிசளிப்பு விழாட பேக் இல்லையா?"

பார்த்தேன். வான் சக்கரத்திலிருந்து பத்தடி தூரத்தில் கிடந்தது. எங்கள் பாடசாலையின் பச்சை முத்திரை குத்திய உணவுச் சீட்டு, பைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்தான் பரிசளிப்பு விழா நடந்தது. 320 பிரியாணிப் பார்சல். ஒவ்வொன்றும் லஞ்ச் சீற்றில் சுற்றி, றெஜிபோம் பெட்டியில் வைத்து, சொப்பிங் பேக்கில் கட்டியது. பக்கத்தில் ஒரு சின்னப் பையில் கறிச் சம்பல், இன்னொன்றில் தயிர்ச் சட்னி. உணவுக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் யார் என்று நீங்கள் கேட்க முன் சொல்லிவிடுகிறேன், நான்தான். அந்த விழாவில் சுற்றாடல் கட்டுரைப் போட்டிக்கும் பரிசு கொடுத்தோம்.

திரும்பி வரும்போது வானுக்குள் பாட்டில்லை. பாலமுனைப் பக்கம் வரும்போது பின் ஆசனத்திலிருந்து ஒரு பையன் கேட்டான்: "சேர், பூனையைக் கட்டிப் போட்டு, தின்னவும் குடுக்காம அவிழ்த்தும் விடாம சாகடிச்ச பொம்பிளைக்கு நரகம் எண்டு ஹதீஸ் படிப்பிச்சீங்கதானே. இதுவும் கட்டிப் போடுறதுதானே?"

அவன் பாடத்தில் சுமாரானவன். தவணைப் பரீட்சையில் நாற்பதைத் தாண்டியதில்லை. பத்வா கொடுக்கிற தகுதி எனக்கில்லை, ஆனாலும் அவன் கேட்டது தப்பென்று சொல்ல என்னால் முடியவில்லை. "யோசிப்பம் மனே" என்றேன். வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாட்டு மிச்சத்தை உம்மா பையில் கட்டிக்கொண்டிருந்தபோது எழுந்துபோய் வாங்கி அவிழ்த்தேன். என்ன விசர் வேலை என்பது போல அவர் பார்த்தார்.

மறுநாள் தொடக்கம் என்ன நடந்தது என்பதை உள்ளபடியே சொல்கிறேன். எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முதலில் பாடசாலையின் குப்பையை ஒரு கிழமை சேர்த்துப் பிரித்தோம். கடதாசி, போத்தல், ஈரக் குப்பை, மெல்லிய பொலித்தீன் என்று நாலு குவியல். பழைய இரும்பு, போத்தல் எடுக்க சைக்கிளில் வருகிற காக்காவை வகுப்புக்கே அழைத்தேன். நான் அழைத்த விரிவுரையாளர்களில் அவரைப் போல யாரும் பிள்ளைகளைக் கட்டிப்போட்டதில்லை. பிளாஸ்டிக் சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கிறதே, அதை அவர்தான் காட்டினார். 1 என்றால் சோடா, தண்ணீர் போத்தல், எடுப்பார். 2 என்றால் ஷம்பூ போத்தல், கான் வகை, எடுப்பார். 6, றெஜிபோம் பெட்டி, தொடமாட்டார். லஞ்ச் சீற்றையும் எண்ணெய் பட்ட பையையும் காலால் தள்ளிவிட்டார். "இதுக்கு உலகத்தில ஆளில்ல தம்பி. கழுவுற தண்ணிக் காசுக்கும் காணாது." மீள்சுழற்சி, மீள்சுழற்சி என்று சுவரில் எழுதி வைக்கிறோம். எடுப்பதற்கு ஆளில்லாத சாமான் சுழலாது. அதை வீட்டுக்குள் விடாமல் இருப்பதுதான் வழி. பிள்ளைகளுக்கு இது நான் நினைத்ததைவிட வேகமாக விளங்கியது.

கூட்டெருத் தொட்டி படுதோல்வி. சிற்றுண்டிச்சாலைச் சோறும் பருப்பும் மரக்கறித் தோலும் போட்டு மூடி வைத்தோம். ஐந்தாம் நாள் புழு. எட்டாம் நாள் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் சத்தம் போட்டார். அதிபர் தொட்டியை அகற்றச் சொன்னார். விவசாய பாட ஆசிரியர்தான் காப்பாற்றினார். ஈரம் ஒரு பங்கென்றால் காய்ந்த சாமான் இரண்டு பங்கு வேண்டுமாம். வைக்கோல், சருகு, தும்பு. மீனும் எலும்பும் போடக்கூடாது. கிழமைக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும். அப்படிச் செய்ததும் மணம் போனது. மூன்று மாதத்தில் கறுத்த மண் வந்தது. அதில் போட்ட முதல் கத்தரி கன்றிலிருந்து மாமிக்கு ஒரு பை, பன் பையில், கொடுத்தனுப்பினோம். இப்போது மாமி தன் வளவுச் சருகையும் கூட்டி மதிலால் போடுகிறார்.

ஏப்ரலில் நோன்பு வந்தது. பள்ளிவாசலில் அஸருக்குப் பிறகு கஞ்சி கொடுக்கிற வழக்கம் உங்களூரிலும் இருக்கும். நான் சிறு பையனாக இருந்தபோது வாளியும் சட்டியும் கொண்டு வரிசையில் நின்றோம். எப்போது மாறியதென்று தெரியவில்லை, கொதிக்கக் கொதிக்கச் சொப்பிங் பேக்கில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். சுகாதாரத்துக்கும் கேடு, குப்பைக்கும் சேர்மானம். நம்பிக்கையாளர் சபைக்கு மாணவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். நானும் கதைத்தேன். "வாளி கொண்டுவரச் சொன்னா சனம் கோவிக்கும் ஹஸ்ரத்" என்றார் ஒருவர். கதை அதோடு நின்றிருக்கும். ஆனால் அது 2022. டொலர் இல்லை, பை விலை ஏறிக்கொண்டே போனது, கடைக்காரரிடம் இருப்பும் இல்லை. மூன்றாம் நோன்பன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாளி கொண்டுவரச் சொன்னார்கள். யாரும் கோபிக்கவில்லை. வயது போன ஒரு மூத்தம்மா மட்டும், "இத முன்னமே சொல்லியிருக்கலாமே, பேக் கஞ்சி பேக் மணம்" என்றாராம். என் பயானைவிட டொலர் தட்டுப்பாடு கூடுதலாகச் சாதித்தது என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. பொருளாதாரம் கொஞ்சம் நிமிர்ந்த பிறகும் எங்கள் பள்ளிவாசலில் வாளி நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பக்கத்துப் பள்ளிவாசலில் பை திரும்பி வந்துவிட்டது.

பிள்ளைகளின் மனம் உடைந்த சந்தர்ப்பம் ஒன்றும் உண்டு. நாற்பது வீடுகளில் பேசி, ஈரம் வேறு, காய்ந்தது வேறு என்று இரண்டு பாத்திரத்தில் வைக்கச் செய்திருந்தார்கள். குப்பை எடுக்க வந்த ட்ரக்டரில் இரண்டையும் ஒரே பெட்டியில் கவிழ்த்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த மாணவன் ஓடி வந்து என்னிடம் கத்தினான். "அப்ப நாங்க பிரிச்சது என்னத்துக்கு சேர்?" நான் போய் விசாரித்தேன். பெட்டி ஒன்று, ஆள் இரண்டு, டீசல் இல்லை என்றார்கள். பொய்யல்ல. அதே நேரம் அதை ஒரு பதிலாகவும் என்னால் எடுக்க முடியவில்லை.

கடைசியில் வழி சொன்னது பிள்ளைகள்தான். ட்ரக்டருக்கு ஈரக் குப்பையையே கொடுக்காவிட்டால் என்ன? சோறு ஆட்டுக்கும் கோழிக்கும், தோல் கூட்டெருவுக்கு, போத்தல் சைக்கிள் காக்காவுக்கு. மிச்சம் கிழமைக்கு ஒரு சின்னப் பை. அதில் உணவு மணம் இருக்காது. பள்ளக்காட்டுக்கே போனாலும் யானை தொடாது. அந்த நாற்பது வீடுகளில் பதினேழு வீடுகள் இன்றும் அப்படிச் செய்கின்றன. இருபத்து மூன்று வீடுகள் விட்டுவிட்டன. வளவில்லாத வீடுகளில் பலவற்றால் முடியவில்லை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வளவும் ஆடும் இருந்தும் விட்டவர்களைப் பற்றி இங்கே எழுதினால் ஊரில் இருக்க முடியாது.

சட்டம் தன் பாட்டில் வந்துகொண்டிருக்கிறது. 2023 ஒக்டோபர் 1 ஆம் திகதியிலிருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, கோப்பை, தட்டு, பூமாலை, இடியப்பத் தட்டு என்பவற்றுக்கும் தடை. தடை வந்த அன்று பிள்ளைகள் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார்கள். லஞ்ச் சீற்றுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்டேன். சிரித்தார்கள்.

எங்கள் சமூகத்தில் கடினமான இடம் கலியாண வீடு. சஹன் ஒன்றைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது, ஒரு பருக்கை வீணாகாமல் வழித்துச் சாப்பிடுவது, எவ்வளவு அழகான வழக்கம்! அந்தச் சஹனுக்கு மேல் இன்று ஒரு பொலித்தீன் சீற் விரிக்கிறோம். சாப்பிட்டு முடிந்ததும் எலும்பு, மிச்சச் சோறு, ரிஷூ, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் சேர்த்து அந்தச் சீற்றின் நாலு மூலையையும் தூக்கி ஒரே முடிச்சு. பள்ளக்காட்டில் அந்தக் கொம்பன் உதறி உதறிப் பார்த்ததும் அப்படியொரு பொதியைத்தான். ஏன் சீற் போடுகிறீர்கள் என்று கேட்டால் எல்லா வீட்டாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "ஆரு ஹஸ்ரத் கழுவுற?"

2024 இல், பள்ளக்காட்டில் மஞ்சள் பையைக் கண்ட அந்த மாணவியின் ராத்தாவுக்குக் கலியாணம். அவள் வீட்டில் பிடிவாதம் பிடித்தாள், சீற் போடக்கூடாதென்று. வாப்பா என்னிடம் வந்து, "நீங்கதான் பிள்ளையைக் கெடுத்தீங்க, நீங்களே ஆள் பாருங்க" என்றார். 60 சஹன். சாதாரண தரம் எழுதி முடித்துவிட்டு நின்ற என் பழைய மாணவர்கள் எட்டுப் பேர் வந்தார்கள், பூனை ஹதீஸ் கேட்டவன் உட்பட. வளவின் பின்பக்கம் தென்னைக்கு அடியில் குழாயைப் போட்டு, மிச்சத்தை வாளியில் வழித்து ஆட்டுக்காரருக்கு ஒதுக்கிவிட்டு, சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுக் கழுவினார்கள். நானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருந்தேன். இரவு பதினொரு மணியாகிவிட்டது. கை எல்லாம் நெய்.

துடைத்து அடுக்கி எண்ணிப் பார்த்தால் 59. வாடகைக்கு எடுத்த சஹன், பித்தளை. சமையல்காரரைக் கேட்டோம், பெண்கள் பக்கம் கேட்டோம், தென்னையடியில் டோர்ச் அடித்துத் தேடினோம். அந்த ஒன்றுக்கான காசை நானும் மணமகளின் வாப்பாவும் பாதிப் பாதி கொடுத்தோம். ஊரில் யார் வீட்டிலாவது கண்டால் அறியத் தாருங்கள்.